காப்பும் ஈடும்

காப்பீடு என்னும் சொல் காப்பு, ஈடு என்னும் இரு சொற்களால் ஆயது. காப்பு என்பது காத்தல். குழந்தையின் கையில் இடும் வளையும் காப்பே; நூலின் முகப்பில் அமையும் செய்யுளும் காப்பே. ஈடு என்பதோ பலபொருள் ஒருசொல். அடகு வைக்கும் பொருள் ஈடு. ஒப்பு, நிகர் என்பதும் ஈடு. இழந்ததற்கு மாற்றாகக் கொடுப்பதும் ஈடு. திருவாய்மொழிக்கு எழுந்த பேருரைக்கும் ஈடு என்றே பெயர். இன்சூரன்ஸ் என்னும் பிறமொழிச் சொல்லுக்குக் காப்பீடு என்று பெயரிட்டவர் தமிழ் நன்கறிந்தவராகவே இருத்தல் வேண்டும். ஆயின் காப்புக்குரிய கட்டணத்தை ஆண்டுதோறும் பெற்றுக்கொண்டவர்கள், இழப்பு நேர்ந்தபின் ஈட்டை மட்டும் குறைத்தளித்தால் என் செய்வது? இலக்கிய ஆய்வுக் கட்டுரைகள் நிறைந்த இம்மலரில் இப்பொருள் பற்றி எழுதப் புகுந்தமைக்கு எம் இல்லத்தில் நேர்ந்த நிகழ்ச்சியொன்றே காரணமாகும்.

பெருங்குடியில் எம் தந்தையார் 1998ஆம் ஆண்டு கட்டிய வீட்டில் யாம் வாழ்ந்து வருகிறோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த ஊர் அது. அச்சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். நீர் என்றாலே எம் பகுதியினர்க்கு நினைவுக்கு வருவன 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளமுமே. எமக்கு வந்த நீரோ வானத்திலிருந்தும் வரவில்லை, ஏரியிலிருந்தும் வரவில்லை. எம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்தே வந்தது.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உறவினர் திருமணத்தின் பொருட்டுக் கீழக்கரை சென்று மூன்று நாள் தங்கினோம். அந்நாட்களில் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பு வெடித்தது. தொட்டியின் நீர் மட்டும் வடிந்திருந்தால் இழப்பு சிறிதாக முடிந்திருக்கும். நீர் குறைந்தால் தானே இயங்கும்படி ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு ஒரு கருவி பொருத்தியிருந்தோம். அக்கருவி தன் கடமையைச் செவ்வனே செய்தது. தொட்டி வடிய வடிய மோட்டார் நிரப்பிக்கொண்டே இருந்தது. நாங்கள் கதவைத் திறந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு நீர். மரப்பலகை அலமாரிகள் உப்பியிருந்தன, கூரைப்பூச்சு கறுத்திருந்தது, மின்பலகைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நூலடுக்கின் கீழ்த்தட்டில் இருந்தவை எவை என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

கட்டடப் பூச்சும் வண்ணமும் 1,30,000 ரூபாய், மரவேலை 95,000 ரூபாய், மின்வேலை 40,000 ரூபாய், வீட்டுப் பொருள்கள் 75,000 ரூபாய் என மொத்தம் 3,40,000 ரூபாய் கேட்டு விண்ணப்பித்தோம். காப்பீட்டுக் குழுமம் தர இசைந்தது 1,29,375 ரூபாய். அக்குழுமத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. எக்குழுமத்திடமும் எவர்க்கும் நேரக்கூடியது இது.

காப்பீடு மார்க்கத்தில் ஆகுமா என்னும் வினாவைப் பெரியோர் சிலர் எழுப்பக்கூடும். அது உலமாப் பெருமக்கள் ஆய்ந்து கூற வேண்டியது. மலேசிய நாட்டில் 1984ஆம் ஆண்டிலேயே தகாஃபுல் என்னும் கூட்டுக் காப்பு முறைக்குத் தனிச்சட்டம் இயற்றினர் என்பதை மட்டும் குறித்து அப்பால் செல்வோம். காப்பு முறி ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர், தமக்கு உரியதை எங்ஙனம் பெறுவது என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

தொகை குறையும் வழிகள்

எம் கணக்கில் 3,40,000 எவ்வாறு 1,29,375 ஆயிற்று என்பதை விளக்கினால், பெரும்பாலான வீட்டுக் காப்பீடுகளில் தொகை குறையும் வழிகள் யாவும் விளங்கிவிடும்.

முதலாவது, அளவு. மதிப்பீட்டாளர் வந்தது நாங்கள் தெரிவித்த மூன்றாம் நாள். அன்று கூரை பார்வைக்கு உலர்ந்தாற்போல் இருந்தது. ஆதலின் கூரைப்பூச்சை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1,30,000 என்பது 90,000 ஆயிற்று. ஓதம் ஏறிய சுவர் உடனே தன் நோயைக் காட்டுவதில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிரத் தொடங்கியது. 'இப்போது பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி உரியும். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் பூசவேண்டும்' என்று மேஸ்திரி கூறினார். அவர் கூறியது மதிப்பீட்டு அறிக்கையில் இல்லை.

இரண்டாவது, தேய்மானம். வீடு கட்டி இருபத்து நான்கு ஆண்டு ஆயிற்று எனக் கூறிக் கட்டடம் சார்ந்த 2,25,000 ரூபாயில் சரிபாதியைக் கழித்தனர்; எஞ்சியது 1,12,500. வீட்டுப் பொருள்களில் நூற்றுக்கு நாற்பது கழித்து 45,000 என்றனர்.

மூன்றாவது, குறைக் காப்பீடு என்னும் விகித விதி. இதனைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாற்பது இலட்சம் பெறுமான கட்டடத்தை முப்பது இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், எஞ்சிய பத்து இலட்சத்துக்குத் தாமே காப்பீட்டாளர் ஆகிறார் என்பது இவ்விதியின் அடிப்படை. ஆதலின் ஓர் இலட்சம் இழப்பு நேரினும் அவருக்கு முக்கால் இலட்சமே கிடைக்கும். இழப்பு காப்புத் தொகைக்குள் அடங்கியதுதானே, ஏன் குறைக்கிறார்கள் என்று பலர் வியப்பது இவ்விதியை அறியாமையால்தான். விதியில் அறம் இல்லை என்று கூற இயலாது. முழு மதிப்புக்குக் கட்டணம் செலுத்தியவரையும் குறைத்துச் செலுத்தியவரையும் ஒன்றாக நடத்துதல் முறையன்று. எம் கணக்கில் இவ்விதியால் 1,12,500 என்பது 84,375 ஆகச் சுருங்கியது. அதனோடு 45,000 சேர 1,29,375.

இம்மூன்றும் போதாவென்று, குழாய் இணைப்பு பழமையால் தேய்ந்தது, தேய்வால் வரும் இழப்புக்குக் காப்பு இல்லை, எனினும் பரிவோடு ஏற்கிறோம் என்னும் ஒரு குறிப்பையும் அறிக்கையின் இறுதியில் சேர்த்திருந்தனர். உரியதைக் கொடுப்பதைப் பரிவு என்று எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ அறியோம்.

முறியைப் படித்தல்

குழுமத்தின் மடல் கிடைத்த அன்று எமக்குச் சினமே மேலிட்டது. சினத்தோடு எழுதிய முதற்கடிதத்தை, நல்ல வேளையாக, அஞ்சலில் சேர்க்கவில்லை. மறுநாள்தான், அதுகாறும் பிரித்தும் பாராத காப்பு முறியை எடுத்துப் படித்தோம். இருபது ஆண்டாக உரையாசிரியர்களைப் பாடம் சொல்லும் யாம், ஆண்டுதோறும் பணம் கட்டிய ஓர் ஆவணத்தை ஒருமுறையேனும் படித்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இந்தியாவில் குடியிருப்பு வீடுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொது வடிவ முறியைக் குழுமங்கள் வழங்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் கட்டளை. அதற்கு முன் இருந்தது தீ மற்றும் சிறப்பு இடர்களுக்கான பொது முறி. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு, நீர்த்தொட்டிகளும் குழாய்களும் வெடித்தல் அல்லது வழிதல் என்பதும் புதிய முறியின் இடர்ப் பட்டியலில் வெளிப்படையாகவே உள்ளது. அம்முறியின் மற்றொரு சிறப்பு, குறைக் காப்பீட்டு விதியை அது விலக்கி வைத்திருப்பதாகும். வீட்டின் பரப்பையும் கட்டுமானச் செலவையும் பெருக்கிக் காப்புத் தொகையை வகுத்து, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து தானே உயருமாறு அமைத்து, விகிதக் கழிவு செய்யலாகாது என்று அது கூறுகிறது. எம் முறி 2021 ஆகஸ்டில் எடுத்தது. ஆகவே எம் கணக்கில் அவ்விதியைப் புகுத்தியது பழைய முறியின் பழக்கத்தால் நேர்ந்த தவறு. பழைய முறியை வைத்திருந்து அக்காலத்தில் இழப்புற்றவராயின் இவ்வாதம் அவர்க்கு உதவாது. முறி எந்த ஆண்டினது என்பதை முதலில் நோக்குக.

தேய்மானத்துக்கும் முறியிலேயே விடை இருந்தது. கட்டடத்துக்கு எம் முறி கூறியது மறுசீரமைப்புச் செலவு. சந்தை மதிப்பு அன்று. இருபத்து நான்கு ஆண்டுப் பழைய பூச்சைக் கொத்திவிட்டு இருபத்து நான்கு ஆண்டுப் பழைய பூச்சையே பூசும் கொத்தனார் எங்கும் இல்லை. தேய்வு பற்றிய விலக்கோ தேய்ந்த பொருளையே குறிக்கும். வெடித்த குழாயின் விலையை யாம் கேட்கவே இல்லை. குழாய் வெடித்ததால் நனைந்த சுவரையே கேட்டோம். அவ்வெடிப்பு காப்புக்குட்பட்ட இடர். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் குழாய் பற்றிய காப்பு வாசகத்துக்குப் பொருளே இல்லாமற் போகும். முறியின் வாசகம் இருபொருள் படுமாயின் அதனை எழுதிய குழுமத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது சந்துமல் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த நெறி.

மதிப்பீட்டாளர் கூற்று முடிந்த முடிபா?

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64-யு.எம். பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டே கணிக்க வேண்டும் என்கிறது. சர்வேயர் என்று வழக்கில் கூறுவது அவரைத்தான். அவரை அமர்த்துவதும் ஊதியம் தருவதும் குழுமமே. எனினும் சட்டப்படி அவர் நடுநிலையாளர். அதே பிரிவு, மதிப்பீட்டாளர் கூறியதினும் வேறான தொகையைக் கொடுக்கும் உரிமையைக் குழுமத்துக்கு விட்டுவைத்துள்ளது. 'சர்வேயர் எழுதிவிட்டார், எங்கள் கையில் ஒன்றுமில்லை' என்று முகப்பில் இருப்பவர் கூறும் விடை ஆகவே சட்டத்தோடு ஒத்ததன்று.

நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் என்னும் வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. விபத்துக்குள்ளான வண்டி பற்றிய வழக்கு அது. மதிப்பீட்டாளரின் அறிக்கை தொகையை முடிவு செய்தற்கு அடிப்படையாகலாம். ஆனால் அது மாற்றொணாத இறுதிச்சொல் அன்று, குழுமத்தையோ காப்புற்றவரையோ கட்டுப்படுத்துவதும் அன்று என்று கூறி, உரியவர் காட்டிய செலவுச் சீட்டுகளை நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேசுவரா சிண்டிகேட் வழக்கில், தமக்கு உகந்த அறிக்கை வரும்வரை ஒருவர்பின் ஒருவராக மதிப்பீட்டாளரை மாற்றிக்கொண்டே போகலாகாது என்றும், ஓர் அறிக்கையைத் தள்ளினால் காரணம் காட்ட வேண்டும் என்றும் குழுமங்களுக்கு அறிவுறுத்தியது. மறுபுறமும் உண்டு. அறிக்கையைக் காரணமின்றி நாமும் தள்ளிவிட இயலாது. 'தொகை போதாது' என்பது புலம்பல். எவ்வரியில், எவ்வளவு, எதனால் போதாது என்பதே வாதம்.

ஆகவே முதலில் வேண்டுவது அவ்வறிக்கையின் படி. கேட்டால் தரவேண்டும் என்று விதி உள்ளது. கேளாதவர்க்குத் தாமாகத் தருவோர் அரியர். யாம் எழுதிக் கேட்டுப் பன்னிரண்டு நாளில் பெற்றோம். அதனை வைத்து எழுதிய மறுப்பு மடல் எம் தொழிலுக்குப் பழகிய முறையிலேயே அமைந்தது. அறிக்கையின் வரியைச் சூத்திரம்போல் மேலே எழுதி, கீழே முறியின் வாசகத்தைக் காட்டி, அதன்பின் எம் தடையையும் சான்றையும் வைத்தோம். எம் மகள் கைப்பேசியில் எடுத்த படங்கள் நாள் குறிப்புடன் இருந்தன. இரண்டு ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டுச் சீட்டுகளோடு, பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலை விகிதப் பட்டியலையும் இணைத்தோம். தனியார் சீட்டை மிகைப்படுத்தியது என்று தள்ளலாம். அரசின் பட்டியலைத் தள்ளுவது எளிதன்று. எம் பிழையும் ஒன்று உண்டு. மதிப்பீட்டாளர் வருமுன் நனைந்த மெத்தைகளையும் தரைவிரிப்பையும் நாற்றம் தாளாது குப்பை வண்டியில் ஏற்றிவிட்டோம். படமும் எடுக்கவில்லை. அவற்றுக்கு ஒரு காசும் கேட்க வழியின்றிப் போயிற்று.

கையொப்பம் இடுமுன்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள இயலுமாயின் இப்பகுதியைக் கொள்க. தொகை தருமுன் குழுமம் ஒரு சீட்டில் கையொப்பம் கேட்கும். 'முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் அச்சிட்டிருக்கும். டிஸ்சார்ஜ் வவுச்சர் என்பது அதன் பெயர். பணமுடை உள்ளவர் படியாமலே கையொப்பம் இடுவர்.

யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் என்னும் வழக்கில் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியதை இருமுறை படிக்க வேண்டும். அச்சீட்டில் கையொப்பம் இட்டமையாலேயே நுகர்வோர் தம் உரிமையை இழப்பதில்லை என்றது நீதிமன்றம். இத்துணையும் கூறி மகிழ்வோர் பலர். அவ்வழக்கில் ஆலையார் வென்றனரா எனின், இல்லை. ஏமாற்று, பொய்யுரை, மிகு செல்வாக்கு, வற்புறுத்தல் இவற்றுள் ஏதேனும் ஒன்றால் கையொப்பம் பெறப்பட்டது என்று காட்ட வேண்டும். அவர்கள் தாமே விரும்பிப் பெற்றுக்கொண்டமையால் மேற்கொண்டு கேட்க இயலாது என்று முடிந்தது. 2004ஆம் ஆண்டு வெள்ளத்தில் இழப்புற்ற போகரா பாலிஃபேப் நிறுவனத்தின் வழக்கிலோ, பணநெருக்கடியைப் பயன்படுத்தி முன்னதாகவே சீட்டில் கையொப்பம் வாங்கினர் என்பதை அவர்கள் எடுத்துரைத்தமையால், அது உண்மைதானா என்பதை நடுவர் ஆய்வதற்கு 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. இரண்டையும் சேர்த்து நோக்கினால் செய்யத்தக்கது புலப்படும். தொகையைப் பெறுவதாயின், 'எதிர்ப்புடன், பகுதித் தொகையாக மட்டும் பெறுகிறேன்' என்று சீட்டிலேயே எழுதுக. எழுத விடாராயின் அன்றே பதிவு அஞ்சலில் எழுதி அனுப்புக. ஆறு மாதம் கழித்து வந்த எதிர்ப்பு, பின்னர்த் தோன்றிய எண்ணமாகவே கருதப்படும்.

முறையிடும் வாயில்கள்

முதல் வாயில் குழுமத்தின் குறைதீர் அலுவலர். இதனைத் தாண்டி அடுத்ததற்குப் போக இயலாது. ஆணையத்தின் 'பீமா பரோசா' அமைப்பிலும் 155255 என்னும் எண்ணிலும் முறையீட்டைப் பதியலாம். ஒரு மாதத்துள் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தாராவிடினும், ஆம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 1998ஆம் ஆண்டு விதிகளால் தோன்றி, 2017ஆம் ஆண்டு விதிகளால் திருத்தம் பெற்ற அமைப்பு இது. சென்னையில் அண்ணா சாலை, தேனாம்பேட்டைப் பகுதியில் இதன் அலுவலகம் அமைந்துள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தல் இல்லை. குழுமம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். அதே பொருள் பற்றி நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ வழக்கு இருத்தலாகாது. முன்பு முப்பது இலட்சமாக இருந்த தொகை வரம்பு 2023ஆம் ஆண்டு ஐம்பது இலட்சமாக உயர்ந்தது. அவர் அளிக்கும் தீர்ப்பு குழுமத்தைக் கட்டுப்படுத்தும்.

மற்றொரு வாயில் நுகர்வோர் ஆணையம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம், காலவரம்பு இரண்டாண்டு. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை கேட்க இங்கு இடமுண்டு. ஆயின் காலம் நீளும். சிறு தொகைக்குக் குறைதீர்ப்பாளரே தக்கவர் என்பது எம் கருத்து. குழுமங்களுக்கான கால வரையறையையும் ஈண்டுக் கூறுதல் தகும். 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 72 மணி நேரத்துள் மதிப்பீட்டாளரை அமர்த்தவும் 30 நாளில் அறிக்கை பெறவும் விதித்திருந்தது. ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இவற்றை 24 மணி நேரம், 15 நாள் எனச் சுருக்கி, அறிக்கை கிட்டிய 7 நாளில் முடிவு கூறுமாறு பணித்துள்ளது.

எம் மறுப்பு மடலுக்கு ஒரு மாதம் கடந்தும் விடை இல்லை. குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் மனுவைப் பதிந்தோம். விசாரணை நாளுக்கு முன்னரே குழுமத்திலிருந்து அழைப்பு வந்தது. மறு அளவீட்டுக்கு இசைவதாகக் கூறினர். வேறொரு மதிப்பீட்டாளர் வந்து, கூரையை மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஒலி கேட்டார். பொள்ளலாய் ஒலித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். பூச்சுக்கு 1,15,000 என்றார், யாம் ஏற்றோம். மரவேலையும் மின்வேலையும் முழுமையாக 1,35,000. விகிதக் கழிவும் கட்டடத் தேய்மானமும் நீங்கின. வீட்டுப் பொருள்களின் 45,000 மட்டும் மாறவில்லை. அதன்மேல் வாதிட எம்மிடம் பொருள்கள் வாங்கிய சீட்டுகள் இல்லை. ஆக 2,95,000 ரூபாய். முதலில் தர இசைந்ததினும் 1,65,625 மிகுதி.

நூலடுக்கின் கீழ்த்தட்டைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். எம் பாட்டனார் தம் கைப்பட அரபுத்தமிழில் படியெடுத்த இரு கையேடுகளும், எம் தந்தையார் வீடு கட்டியபோது எழுதிவைத்த கணக்கும் அங்கிருந்தன. கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தனியே குறிப்பிட்டுச் சேர்த்தாலன்றிக் காப்புக்கு உட்படா என்று முறியில் வெளிப்படையாகவே உள்ளது. அதில் குழுமத்தின்மேல் குற்றமில்லை, யாம் குறிப்பிடவில்லை. விண்ணப்பத்தில் அவற்றுக்கு யாம் விலை எழுதவும் இல்லை. என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. நனைந்த தாள்களை வெயிலில் காயவைக்காதே, மின்விசிறியின் கீழ் உறிஞ்சுதாள் இடையிட்டு வை என்று அறிந்தவர் ஒருவர் கூற, எம் துணைவியார் நாற்பது நாள் அவ்வாறே செய்தார். ஒரு கையேட்டில் மை முற்றும் கரைந்துவிட்டது. மற்றொன்றில் பதினொரு தாள்கள் பிரிந்தன. எஞ்சியவை ஒட்டியபடியே உள்ளன. தந்தையார் கணக்கில், அந்தக் குழாய் இணைப்பை வாங்கிய விலை மட்டும் இன்றும் படிக்க வருகிறது.